எரிசக்திப் புள்ளிவிபரப் பணிப்பாளர்: இதுவும் ஒரு தொழிலா?

2025 மார்ச் 4

வவுனியாவிலிருந்து ஒரு மாணவியின் கேள்வி:

"பட்டப்படிப்பில் புள்ளிவிபரவியல் எடுத்திருக்கிறேன். எரிசக்திப் புள்ளிவிபரத்தில் வேலை தேடு, ஒருநாள் அப்படி ஓர் அலுவலகத்தின் பணிப்பாளராகவும் வரலாம் என்று விரிவுரையாளர் சொல்கிறார். அப்பா சிரிக்கிறார். மின்சாரத்தை உண்டாக்குகிறவன் பொறியியலாளன், எண்ணெயை விற்கிறவன் வியாபாரி, ஊரார் எரித்ததை எண்ணிக்கொண்டிருப்பவனுக்கு என்ன மதிப்பு என்று கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை."

மார்ச் 4, இரவு

பிள்ளை, அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். 2022-இல் அவரும் எரிபொருள் வரிசையில் நின்றிருப்பார். நாட்டில் இன்னும் எத்தனை நாளுக்கு எண்ணெய் இருக்கிறது என்று அப்போது யார் சொன்னதை அவர் நம்பினார்?

நான் கிளிநொச்சியில் நின்றேன். கப்பல் வந்துவிட்டது என்றார்கள், வரவில்லை என்றார்கள், வந்த கப்பலுக்குக் காசு கட்டவில்லை என்றார்கள். வெயிலையும் பசியையும்விட மனிதரை வதைத்தது எதையும் நம்ப முடியாத அந்த நிலைதான். இருப்பு இவ்வளவு, உங்கள் மாவட்டத்துக்கு இவ்வளவு, அடுத்தது இன்ன நாளில் என்று நம்பத்தக்க ஒருவர் சொல்லியிருந்தால் வரிசையில் பாதிப்பேர் வீட்டுக்குப் போய் வேலையைப் பார்த்திருப்பார்கள். நீங்கள் கேட்கும் பதவி அந்த ஒருவருடையது.

பிரதேச செயலகங்களில் புள்ளிவிபர உத்தியோகத்தராகக் காலம் கழித்தவன் நான். மேசையைவிட வீட்டு முற்றங்களில் நின்று எழுதியதே அதிகம். பணிப்பாளர் நாற்காலியை எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் அந்த நாற்காலியில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து முற்றத்தில் நாங்கள் எழுதியதற்கு என்ன நடக்கும் என்பதைப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 5

இந்தப் பதவி எப்படிப் பிறந்தது என்பதிலேயே அப்பாவுக்கான பாதிப் பதில் இருக்கிறது.

1973 ஒக்டோபரில் அரபு எண்ணெய் நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. அங்கும் பெற்றோல் நிலையங்களில் வரிசை. தட்டுப்பாடு உண்மையா, விலையை ஏற்றுவதற்கான பதுக்கலா என்று மக்கள் கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டிய அரசின் கையில் இருந்த எண்களில் பெரும்பகுதி எண்ணெய்க் கம்பனிகளும் அவற்றின் சங்கமும் கொடுத்தவை. சந்தேகத்துக்கு உள்ளானவர்களிடமே கணக்கையும் வாங்கி ஒப்புவிக்க வேண்டிய நிலை. இந்தச் சங்கடம்தான் எரிசக்தித் தகவல் நிர்வாகம் என்ற அலுவலகத்தை உண்டாக்கியது. 1977-இல் அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தை அமைத்த சட்டத்திலேயே அதுவும் அமைந்தது.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பிரிவு ஒன்று உண்டு. அலுவலகத்தின் தலைவர் தகவலைத் திரட்டவோ ஆராயவோ எரிசக்தித் திணைக்களத்தின் வேறெந்த அதிகாரியின் ஒப்புதலையும் பெற வேண்டியதில்லை. புள்ளிவிபர அறிக்கையின் உள்ளடக்கத்தை வெளியிடுமுன் அரசின் எந்த அதிகாரியிடமும் காட்டி அனுமதி வாங்க வேண்டியதில்லை. அவரை நியமிப்பவர் ஜனாதிபதி, உறுதிசெய்வது செனட் சபை. ஆனால் எண்ணை வெளியிடும் நாளில் அவருக்கு மேல் எவரும் இல்லை.

முதல் தலைவர் லிங்கன் மோசஸ், ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழகப் புள்ளிவிபரப் பேராசிரியர். எண்ணெயோடு தொடர்பில்லாதவர், மருத்துவப் புள்ளிவிபரத்தில் பெயர் பெற்றவர். எதிர்காலத்தைப் பற்றி உண்மைத் தகவல் என்று எதுவும் கிடையாது என்று அலுவலகத்தின் தொடக்க கால அறிக்கையிலேயே எழுதியவர். எதிர்வுகூறல் எழுதுவதையே வேலையாகக் கொண்ட இடத்தின் தலைவர் இதை முதலிலேயே எழுதி வைத்தார் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

மார்ச் 9

"அந்தப் பதவிக்கு எப்படி வருகிறார்கள், என்ன படித்திருப்பார்கள்?" என்று கேட்டிருந்தார் ஒரு நண்பர். ஒருவரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன்.

ஜே ஹேக்ஸ். 1993 முதல் 2000 வரை தலைவர். அரசறிவியலில் கலாநிதிப் பட்டம் பெற்று நியூ ஓர்லியன்சில் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். பின்னர் அரச சேவைக்கு வந்து, புளோரிடா மாநில ஆளுநரின் எரிசக்தி அலுவலகத்தை நடத்தினார். அங்கிருந்து வாஷிங்டன். அவர் காலத்தில்தான் அலுவலகத்தின் தரவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கின. கொழும்பில் ஒரு நூலகத்தில் தூசி தட்டிப் புரட்ட வேண்டியிருந்த அட்டவணைகளைப் பின்னாளில் கிளிநொச்சியிலிருந்தே பார்க்க முடிந்தது, அந்த வகையில் எனக்கும் அவர் உதவியவர்தான்.

அவருடைய தொழில்வாழ்வில் நான் கவனித்தது 1998. முந்திய டிசம்பரில், பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வைக் குறைப்பதற்கான கியோட்டோ உடன்படிக்கை முடிந்திருந்தது. அதை நிறைவேற்ற அமெரிக்காவுக்கு என்ன செலவாகும் என்பது கேள்வி. ஜனாதிபதி கிளிண்டனின் பொருளாதார ஆலோசகர் சபை, உமிழும் ஒரு தொன் காபனுக்கு 14 முதல் 23 டொலர் வரை என்றது. உடன்படிக்கையை ஆதரித்த அரசுக்கு இனிப்பான எண். காங்கிரசின் விஞ்ஞானக் குழு ஹேக்சின் அலுவலகத்திடமும் கேட்டது. அந்த ஆண்டு ஒக்டோபரில் வந்த அறிக்கை சொன்னது 67 முதல் 348 டொலர் வரை.

தன்னை நியமித்த ஜனாதிபதியின் கொள்கைக்கு இடைஞ்சலான எண்ணை, அதே ஜனாதிபதியின் ஆட்சியில், தன் அலுவலகத்தின் பெயரில் வெளியிட்டார். ஆட்சி முடியும் ஆண்டுவரை பதவியிலும் இருந்தார். பிறகு ஜிம்மி காட்டர் ஜனாதிபதி நூலகத்தின் பணிப்பாளர். 2010-இல் மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்த விபத்தை ஆராய்ந்த ஆணைக்குழுவில் ஆய்வுப் பணிப்பாளர்.

மார்ச் 10

நேற்றையதோடு சேர்த்துப் படிக்கவும். இரண்டில் ஒன்று பொய் என்று எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆலோசகர் சபை, பிற நாடுகளிலிருந்து உமிழ்வுக் குறைப்பை மலிவாக வாங்கலாம் என்று எடுத்துக்கொண்டது. ஹேக்சின் அலுவலகம் உள்நாட்டிலேயே எவ்வளவு குறைக்க வேண்டிவரும் என்பதைப் பல நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை கணித்தது. 1990-இன் உமிழ்வு அளவுக்கு 24 வீதம் மேலே நிற்கலாம் என்றால் 67, 7 வீதம் கீழே போயே ஆக வேண்டும் என்றால் 348. எடுகோள் மேசைமேல் இருந்தது. வேண்டியவர் எடுத்துப் பார்த்துச் சண்டை பிடிக்கலாம். எண்ணை ஆளும் கட்சிக்குப் பிடித்தமாதிரி வளைப்பதும் தவறு, எதிர்க்கட்சி கைதட்டும்படி வளைப்பதும் தவறு. அடித்தளத்தைக் காட்டிவிட்டு நகர்வதுதான் இந்தத் தொழிலில் நேர்மை.

மார்ச் 16

"அமெரிக்காவை விடுங்கள், வன்னியில் என்ன எரிசக்திப் புள்ளிவிபரம்?" என்கிறார் மாங்குளத்து அண்ணா ஒருவர். விறகு, அண்ணா.

மின்சாரத்துக்கு மானி உண்டு. பெற்றோலுக்குப் பம்பி உண்டு, சுங்கத்தில் பதிவு உண்டு. வீட்டு அடுப்புக்குப் போகும் விறகுக்குப் பற்றுச்சீட்டு எங்கே? இலங்கையின் எரிசக்திச் சமநிலைக் கணக்கில், அதாவது எந்த எரிசக்தி எவ்வளவு வந்து எங்கே செலவானது என்ற கணக்கில், உயிர்த்திணிவு என்று ஒரு வரி வருகிறது. அதில் விறகுதான் பெரும்பங்கு. பல ஆண்டுகளாக நாட்டின் மொத்த எரிசக்தியில் மிகப் பெரிய பங்குகளில் ஒன்று அது. அந்த வரி மானியிலிருந்து வருவதில்லை. தலைக்கு நாளுக்கு இவ்வளவு கிலோ என்று மாதிரிக் கணக்கெடுப்பில் கண்டு, சனத்தொகையால் பெருக்கி வருகிறது.

அந்தக் கிலோவை எப்படிக் காண்பது? முள்ளியவளைப் பக்கம் ஒரு வீட்டில் நிறுத்த விதத்தைச் சொல்கிறேன். முற்றத்து வேப்பங்கொப்பில் வில் தராசைக் கட்டினோம். காலையில் வீட்டுக்கார அம்மா அன்றைக்கு எரிக்கப்போகும் விறகை ஒரு கயிற்றில் சேர்த்துக் கொடுத்தார். பாலைக் கொம்புகள், நாலைந்து வீரைத் துண்டுகள். கொக்கியில் தூக்கியதும் முள் பதினொரு கிலோவில் ஆடி நின்றது. எழுதிக்கொண்டோம். இதை மட்டும்தான் எரிக்க வேண்டும், மிஞ்சியதை அப்படியே வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். மறுநாள் காலை மிஞ்சியதை நிறுத்தோம். வித்தியாசம்தான் அன்றைய எரிப்பு. கேட்கச் சுலபம்.

நிறுத்து முடித்துக் கயிற்றை அவிழ்க்கும்போது அம்மா சொன்னார்: "பன்னாடையும் ஊமலும் எரிச்சது இதுக்குள்ள இல்லைத் தம்பி, அது விறகில்லைத்தானே."

மார்ச் 17

அந்த அம்மா சொன்னதை விரித்துச் சொல்ல வேண்டும், நேற்று உறக்கம் வந்துவிட்டது. பன்னாடை என்பது பனைமட்டையின் அடியிலுள்ள நார்ப்பின்னல், ஊமல் என்பது காய்ந்த பனங்கொட்டை.

வன்னி அடுப்பில் விறகோடு சேர்ந்து எரிவது எவ்வளவு! காவோலை, பனம்மட்டை, பன்னாடை, ஊமல், பொச்சுமட்டை, சிரட்டை, தென்னம்பாளை, வேலி மாற்றும்போது கழிந்த கிளுவந்தடி. தீ மூட்டுவதற்கு ஒன்று, தணலுக்கு ஒன்று, பால் காய்ச்ச ஒன்று. எங்களுக்குத் தந்த படிவத்தில் விறகு, மண்ணெண்ணெய், காஸ், மின்சாரம், பின்னே 'வேறு' என்ற ஒரு கட்டம். இதெல்லாம் அந்த 'வேறு' என்ற கட்டத்துக்குள் போய் முடங்கியது. சிலர் அதை வெறுமையாகவே விட்டார்கள்.

ஈரமும் கணக்கில் சேர வேண்டும். காற்றில் நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15 மெகாஜூல் வெப்பம் தரும். பாதி ஈரமாக இருக்கும் பச்சை விறகு அதில் பாதியளவே தரும். மாரியில் நிறுத்தால் கிலோ கூடும், வெப்பம் கூடாது. மார்கழியில் கணக்கெடுத்தவர், வன்னியார் அதிக எரிசக்தி பாவிக்கிறார்கள் என்று எழுதுவார். உண்மையில் அந்த மாதத்தில் பெண்கள் அதிகம் ஊதியிருப்பார்கள், கண் எரிந்திருக்கும், சோறு பிந்தியிருக்கும்.

எந்த மாதத்தில் நிறுப்பது, ஊமலுக்கு ஒரு வரி கொடுப்பதா விடுவதா, படிவத்தைச் சுருக்குவதா நீட்டுவதா என்பதெல்லாம் பணிப்பாளர் மட்டத்து முடிவுகள். கொழும்பில் ஒரு கூட்டத்தில் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு பத்து வருடத்துக்கு அந்த அம்மாவின் அடுப்பு நாட்டின் கண்ணில் அப்படித்தான் தெரியும்.

மார்ச் 23

மண்ணெண்ணெய் பற்றி முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்.

மண்ணெண்ணெய் என்றதும் கொழும்பிலிருப்பவருக்கு நினைவில் வருவது விளக்கு. எல்லா வீட்டுக்கும் மின்சாரம் போய்விட்டால் மண்ணெண்ணெய் தேவையில்லை என்று ஒரு நேர்கோடு கீறிவிடலாம். முல்லைத்தீவில் அது படகின் வெளியிணைப்பு இயந்திரத்துக்கு. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் தண்ணீர் இறைக்கும் மெஷினுக்கு. விற்பனை நிலையத்தில் பதியப்படுவது லீற்றர் மட்டும். அது விளக்குக்கா, கடலுக்கா, தோட்டத்துக்கா என்று அந்த லீற்றர் சொல்லாது. யாராவது போய்க் கேட்டால்தான் தெரியும்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. அந்த எண்ணெயில் எத்தனை பங்கு தொழிலுக்குப் போகிறது என்ற நம்பகமான மாவட்டக் கணக்கு மேசையில் இருந்திருந்தால், மீனவருக்கும் விவசாயிக்கும் எவ்வளவு உதவி வேண்டும் என்பதும் விலையோடு சேர்த்தே தெரிந்திருக்கும். விலை ஏறிய வாரத்தில் கரையில் இழுத்துவிட்ட படகுகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பழைய நாட்களையும் எழுதச் சொல்கிறார். 1990-க்குப் பிறகு பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து அளந்து ஊற்றிய மண்ணெண்ணெயில் நூல்திரி. பெற்றோலை மருந்துப் போத்தலில் வைத்துச் சில துளி விட்டு மோட்டார் சைக்கிளை உதைத்து எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சயிக்கிளைக் கவிழ்த்து வைத்துத் தைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். அந்த மண்ணெண்ணெயைப் போக்குவரத்து என்று எந்த ஏடு எழுதியிருக்கும்? ஒரு சமூகம் பத்தொன்பது இருபது வருடம் எதை எரித்து வாழ்ந்தது என்பதற்கு எங்கள் நினைவுதான் ஆவணம். நினைவுள்ளவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். வயதானவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள், தம்பி.

ஏப்ரல் 6

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

எண்ணுவதற்கு என்ன மதிப்பு என்று கேட்டவர் வவுனியாவில் இருக்கிறார் என்பதால் எழுதுகிறேன். 1981-க்குப் பிறகு 2012 வரை வன்னியில் முழுமையான குடித்தொகைக் கணக்கெடுப்பு இல்லை. 1991-இல் நாட்டிலேயே நடக்கவில்லை. 2001-இல் நடந்தது எங்கள் மாவட்டங்களில் முழுமையாக நடக்கவில்லை. கிளிநொச்சி தனி மாவட்டமானதே 1984-இல். அதாவது தன் பெயரில் ஒரு கணக்கெடுப்பைக் காண அந்த மாவட்டம் ஏறத்தாழ முப்பது வருடம் காத்திருந்தது.

2009 தொடக்கத்தில், போரின் கடைசி மாதங்களில், வன்னிக்குள் எத்தனை பேர் என்பதே பெரும் தகராறு. பெப்ரவரியில் அரசு சொன்ன எண் 70,000 அளவில். உள்ளே கடமையில் இருந்த அரச அதிகாரிகளின் எண் அதைப்போலப் பல மடங்கு. உணவும் மருந்தும் எண்ணைப் பார்த்தே அனுப்பப்பட்டன. மே முடிவில் முகாம்களில் இருந்தவர்கள் 2,80,000-க்கு மேல். பெப்ரவரிக்கு முன்பே வெளியேறியிருந்த சில பதினாயிரம் பேரைக் கழித்துப் பாருங்கள், அப்போதும் 70,000 எங்கே, இது எங்கே.

பிள்ளை, எண் சிறிதானால் சோறு சிறிதாகும். இதை நாங்கள் புத்தகத்தில் படிக்கவில்லை. எவருடைய ஒப்புதலும் வேண்டாமல் எண்ணை வெளியிடலாம் என்ற அந்த அமெரிக்கச் சட்டப் பிரிவை நான் இவ்வளவு நேசிப்பதற்குக் காரணம் இதுதான்.

ஏப்ரல் 7

நேற்றைய குறிப்புக்கு வந்த கடிதங்களைப் படித்தேன். எல்லோருக்கும் தனித்தனியே எழுதுவேன், இங்கே அதைத் தொடரவில்லை.

ஏப்ரல் 15

புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரிய மின்கலங்களைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டிருந்தது. ஏன் என்று பலர் கேட்கிறார்கள். விடுமுறையில் தொழிற்சாலைகள் பூட்டு, மின்சாரத் தேவை குறைவு. வெயில் தாராளம். பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருண்டதே, அன்றும் தேவை குறைவாகவும் சூரிய மின் பங்கு அதிகமாகவும் இருந்ததால் வலையமைப்பு அந்த அதிர்ச்சியைத் தாங்கவில்லை.

இதிலும் நம் தொழில் இருக்கிறது. கூரையில் உண்டாகும் மின்சாரத்தில் வீட்டுக்காரரே அந்த நேரத்தில் பாவித்துவிடும் பகுதி வெளி மானியைத் தொடுவதே இல்லை. பார்ப்பவருக்கு அந்த வீடு குறைவாகப் பாவிப்பதுபோலத் தெரியும். வன்னியில் இன்னொரு படி மேலே: தோட்டத்துச் சோலார் பம்பிகளில் பலவற்றுக்கு மின்கம்பியோடு உறவே இல்லை. சூரியன் தண்ணீர் இறைக்கிறது, எந்த ஏட்டிலும் அது பதியவில்லை, மண்ணெண்ணெய் விற்பனை மட்டும் குறைகிறது. அதைப் பார்த்து விவசாயம் சுருங்கிவிட்டது என்று ஒருவர் எழுதலாம்!

அமெரிக்க அலுவலகம் 2015 இறுதியிலிருந்து கூரைச் சூரிய மின்சாரத்துக்கு மாதாந்த மதிப்பீடு வெளியிடுகிறது. மானி இல்லாத இடத்தில் பொருத்திய திறன், இடம், வெயில் ஆகியவற்றை வைத்துக் கணிக்கிறார்கள். ஆடம் சிமின்ஸ்கி தலைவராக இருந்த காலம். கண்ணுக்குத் தெரியாததை மதிப்பிட்டு, மதிப்பீடு என்றே பெயர் எழுதி வெளியிடுவதற்கு ஒரு துணிவு வேண்டும்.

மே 4

சட்டம் எழுதிவிட்டால் போதுமா என்று கேட்ட வழக்கறிஞர் அக்காவுக்கு: போதாது. 2011-இல் அந்த அமெரிக்க அலுவலகத்தின் ஆண்டு வரவுசெலவில் 14 வீதம், அதாவது ஒன்றரைக் கோடி டொலருக்கு மேல், ஒரேயடியாக வெட்டப்பட்டது. சில கணக்கெடுப்புகள் நின்றன, அடுத்த ஆண்டுக்கான உலக எதிர்வுகூறல் அறிக்கை நின்றது. எவரும் ஓர் எண்ணையும் மாற்றச் சொல்லவில்லை, காசைக் குறைத்தார்கள். எந்தக் கணக்கெடுப்பைக் கைவிடுவது என்று தெரிவுசெய்ய வேண்டியவர் பணிப்பாளர். அந்த வேலையை எதிரிக்கும் விரும்பமாட்டேன்.

பிழை வந்தால் என்ன செய்வார்கள் என்பது அடுத்த கேள்வி. கை கருசோ (Guy Caruso) என்பவர் அங்கே தலைவராக இருந்த காலத்தில், 2004 நவம்பரில், வாராந்த இயற்கை வாயு இருப்பு அறிக்கையில் ஒரு கம்பனி தவறான எண்ணைக் கொடுத்துவிட்டது. நாட்டின் இருப்பு உண்மையில் இறங்கியதைவிட மிகவும் இறங்கியதாக அறிக்கை வந்தது. சந்தையில் விலை ஒரே நாளில் ஒரு டொலருக்கு மேல் ஏறியது. அடுத்த அறிக்கையில் திருத்தினார்கள். பின்னர், குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பிழை தெரியவந்தால் அடுத்த வாரம்வரை காத்திராமல் வெளியிடும் விதி வந்தது. முற்றத்தில் நின்று எழுதுகிற உத்தியோகத்தருக்கும் இது பாடம். ஒருவர் தசமப் புள்ளியை இடம்மாற்றி எழுதினால், எங்கோ முன்பின் தெரியாத ஒருவரின் பணம் போகிறது.

யூன் 1

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் தொடங்கிவிட்டது. மன்னாரில் தம்பபவனிக் காற்றாலைகள் இப்போது நன்றாகச் சுற்றும் காலம். 30 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5 மெகாவாட். 2020 டிசம்பரில் திறந்தது.

இந்த 103.5 பலரைக் குழப்புகிறது. அது திறன். எவ்வளவு மின்சாரம் வந்தது என்பது காற்று எத்தனை நேரம் எந்த வேகத்தில் வீசியது என்பதைப் பொறுத்தது. வாடைக்கும் சோளகத்துக்கும் இடையிலுள்ள ஓய்ந்த வாரங்களில் 103.5 என்ற எண் அப்படியேதான் இருக்கும், மின்சாரம் இருக்காது. மேடைகளில் திறனைச் சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள். கணக்காளர் கேட்க வேண்டியது கிலோவாட் மணியை.

இன்னும் ஆழமான ஒன்றும் இருக்கிறது. காற்றில் கிடைத்த ஒரு கிலோவாட் மணியை, எண்ணெயோடும் நிலக்கரியோடும் சேர்த்து ஒரே அட்டவணையில் போட வேண்டுமே, எவ்வளவு என்று போடுவது? அந்த மின்சாரத்தின் வெப்பப் பெறுமதி 3.6 மெகாஜூல். ஆனால் அதே அளவை அனல் நிலையத்தில் உண்டாக்க இரண்டரை மடங்குக்கு மேல் எரிபொருள் எரிக்க வேண்டும், ஏனெனில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது. அமெரிக்க அலுவலகம் நெடுங்காலம் அந்தப் பெரிய எண்ணைத்தான் காற்றுக்கும் நீருக்கும் கொடுத்துவந்தது. 2023-இல் 3.6-க்கு மாறியது. ஒரு காற்றாலைகூட நிற்கவில்லை, ஆனாலும் அட்டவணையில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியின் பங்கு இறங்கியது. காரணத்தை விளக்கிப் பழைய ஆண்டுகளையும் புதிய முறையில் திருத்திக் கொடுத்தார்கள், அதனால் எவரும் ஏமாறவில்லை. எங்காவது ஒரு நாட்டின் பங்கு திடீரென்று ஏறியதாகவோ இறங்கியதாகவோ செய்தி கண்டால் முதலில் முறை மாறியதா என்று பாருங்கள்.

யூன் 2

காற்றாலையை ஆதரிக்கிறாயா எதிர்க்கிறாயா என்று கேட்பவர்களுக்கு: மன்னார்த்தீவில் மழைநீர் வடியும் வழி, பறவைகளின் பாதை, மீனவரின் கவலை எல்லாம் உண்மையான விடயங்கள். அதற்குத் தனியாகப் பேசுவோம். இங்கே கலந்தால் இரண்டும் கெடும்.

யூன் 15

பிள்ளை மறுபடி எழுதியிருக்கிறார். இங்கே எந்த வழியாகப் போவது என்பது கேள்வி.

எரிசக்திப் புள்ளிவிபரத்துக்கென்று தனி அலுவலகம் நம் நாட்டில் இல்லை. 2007-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை எரிசக்திச் சமநிலையைத் தொகுத்து வெளியிடுகிறது. மின்சாரத் துறை தன் கணக்கைத் தருகிறது, எண்ணெய்க் கூட்டுத்தாபனம் தன் கணக்கைத் தருகிறது. வீடுகளைப் பற்றிய தகவல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்திலிருந்து. ஆகவே இரண்டு வாசல். ஒன்று, புள்ளிவிபரவியல் சேவைக்கான போட்டிப் பரீட்சை. மற்றது, எரிசக்தி நிறுவனங்களுக்குள் போய் அங்கே தரவுப் பக்கம் நிற்பது. இரண்டாவதில் பொறியியலாளர்கள் நடுவே இருப்பீர்கள். அவர்கள் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். கூச்சப்படாதீர்கள், லிங்கன் மோசஸ் மருத்துவத்திலிருந்து வந்தவர்.

என் ஆசை முதல் வாசல். காரணம், சேவையில் சேர்ந்தால் தொடக்கத்தில் மாவட்டத்துக்கு வர வாய்ப்புண்டு. ஊரில் ஒரு படிவத்தையாவது தன் கையால் நிரப்பிய ஒருவர் மேலே போய் உட்கார வேண்டும். சிங்களத்தையும் நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். கூட்டத்தில் ஊமலைப் பற்றிப் பேச எழும்போது, மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திருந்தால் அடுத்த விடயத்துக்குப் போயிருப்பார்கள்.

யூன் 22

முல்லைத்தீவுத் தம்பி தன் சங்கத்துப் படகுகளின் எண்ணெய்க் கணக்கை எழுதத் தொடங்குகிறாராம், என்னென்ன எழுதுவது என்று கேட்கிறார். மிக நல்ல காரியம்.

ஒரு கொப்பி போதும். திகதி, படகின் இலக்கம், இயந்திரத்தின் குதிரைவலு, புறப்பட முன் தாங்கியில் இருந்த லீற்றர், திரும்பியபின் மிஞ்சிய லீற்றர், கடலில் நின்ற மணி. வாங்கிய லீற்றரை எழுதாதீர்கள், எரித்ததை எழுதுங்கள். இரண்டும் ஒன்றல்ல, வாங்கியதில் வீட்டுக்குப் போனதும் இருக்கும். பெற்றோல் கலந்தால் அதைத் தனியாக எழுதுங்கள். கடலுக்குப் போகாத நாளையும் 'போகவில்லை' என்று எழுதி, காரணம் காற்றா, எண்ணெய் இல்லாமையா, பழுதா என்று ஒரு சொல்லில் போடுங்கள். வெறும் இடமாக விட்டால், போகவில்லையா எழுத மறந்தீர்களா என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது.

சோளகத்தில் ஒரு மாதம், வாடையில் ஒரு மாதம் விடாமல் எழுதிவிட்டுக் கொப்பியின் படத்தை அனுப்புங்கள். கூட்டிப் பெருக்கிக் கொடுப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.